மூளையில் படியும் புரதம்: மருந்து வந்துவிட்டதா? நம் முதியவர்களுக்காக நாம் அறிய வேண்டியவை

ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள ஒடுகத்தூர் ஆகட்டும், அதன் சுற்றுவட்டாரத்தில் உள்ள ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகட்டும், வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சு வலி என்றால் நாம் தாமதிப்பதில்லை. உடனே வண்டி பிடித்து வேலூருக்குப் போகிறோம். ஆனால் அதே பெரியவர் கேட்ட கேள்வியையே மறுபடி மறுபடி கேட்டாலோ, நாற்பது வருடமாக நடந்த பள்ளிவாசல் தெருவில் வழி தெரியாமல் நின்றாலோ, "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம்.

இந்தப் பழக்கத்தை நாம் மாற்றிக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது. மறதி நோய் உள்ளிட்ட பல நோய்களுக்குக் காரணம், உடலில் தேவையில்லாமல் படிந்து சேரும் புரதம். அந்தப் படிவைத் தடுக்கவும் நீக்கவும் மருந்துகள் வரத் தொடங்கியுள்ளன. அவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு நிபந்தனை உண்டு: நோயின் ஆரம்பத்தில் கொடுத்தால்தான் பயன். தாமதம் செய்தால் மருந்து இருந்தும் இல்லாத நிலைதான்.

புரதம் எப்படிக் கெடுகிறது?

நம் உடலின் பெரும்பாலான வேலைகளைச் செய்வது புரதங்கள். இருபது வகை அமினோ அமிலங்கள் மணிமாலை போல வரிசையாகக் கோக்கப்பட்டுப் புரதம் உருவாகிறது. கோத்தால் மட்டும் போதாது. அந்த மாலை தனக்குரிய வடிவத்தில் சரியாக மடிய வேண்டும். பூட்டுக்கு ஏற்ற சாவி போல, வடிவம் சரியாக இருந்தால்தான் புரதம் வேலை செய்யும்.

சில நேரம் புரதம் தவறாக மடிந்துவிடுகிறது. உடலில் இதைச் சரிசெய்யவும் கெட்டதை அப்புறப்படுத்தவும் அல்லாஹ் ஏற்பாடு வைத்திருக்கிறான். வயது ஏற ஏற அந்தத் துப்புரவு வேலை மந்தமாகிறது. அப்போது தவறாக மடிந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நார் நாராகத் திரண்டு, உறுப்புகளில் படிகின்றன. இந்த நார்ப்படிவுக்கு அமிலாய்டு என்று பெயர். அவித்த முட்டையைத் திரும்பப் பச்சை முட்டையாக்க முடியாதது போல, ஒருமுறை திரண்ட அமிலாய்டை உடல் எளிதில் கரைக்க முடிவதில்லை.

புரதத்தின் வடிவம் பற்றிய அறிவியலில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-ல் கொலாஜன் என்ற புரதத்தின் முப்புரி வடிவத்தை வெளியிட்டார். ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷாப்புகளில் பதனிடப்படும் தோலின் முக்கியப் பொருள் இந்தக் கொலாஜன்தான். 1963-ல் அவரும் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரும் சேர்ந்து, ஒரு புரத மாலை எந்தெந்தக் கோணங்களில் மடிய முடியும், எவற்றில் முடியாது என்பதை ஒரு வரைபடமாகத் தந்தார்கள். ராமச்சந்திரன் வரைபடம் என்ற பெயரில் உலகெங்கும் புரதம் பற்றிப் படிக்கும் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

எந்தெந்த நோய்கள்?

அல்சைமர் நோய்: மறதி நோய்களில் மிகப் பரவலானது இது. ஜெர்மனியில் அலோயிஸ் அல்சைமர் என்ற மருத்துவர் 1906-ல் இதை முதலில் விவரித்தார். மூளை நரம்பு செல்களுக்கு வெளியே பீட்டா அமிலாய்டு என்ற புரதம் திட்டுத் திட்டாகவும், செல்களுக்கு உள்ளே டௌ என்ற புரதம் சிக்கு விழுந்த நூல் போலவும் சேர்கின்றன. மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 வருடங்களுக்கு முன்பே அமிலாய்டு படியத் தொடங்கிவிடுகிறது.

பார்க்கின்சன் நோய்: கை நடுக்கம், உடல் இறுக்கம், நடையில் மந்தம் ஆகியவை இதன் அடையாளங்கள். இங்கே படிவது ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம்.

டிரான்ஸ்தைரெட்டின் அமிலாய்டு நோய்: கல்லீரலில் உருவாகி இரத்தத்தில் ஓடும் ஒரு புரதம் இதயத் தசையிலும் நரம்புகளிலும் படிகிறது. இதயம் விறைத்து, மூச்சு வாங்கும்; கால் வீங்கும். சாதாரண இதயச் செயலிழப்பு என்றே பல நேரம் இது கருதப்படுகிறது.

நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்ட இரண்டாம் வகை சர்க்கரை நோயிலும் கணையத்தில் அமிலின் என்ற புரதம் இதேபோல் படிந்திருப்பது காணப்படுகிறது. ஆக, உறுப்பும் புரதமும் வேறு வேறாக இருந்தாலும் நோய் நடக்கும் விதம் ஒன்றுதான்.

மருந்து எந்த வழிகளில் வேலை செய்கிறது?

வீட்டுக் கால்வாய் அடைத்துக்கொண்டால் நாம் என்ன செய்வோம்? குப்பை விழாமல் தடுப்போம், வரும் குப்பை கட்டிப்போகாமல் பார்ப்போம், சேர்ந்ததை அள்ளுவோம். ஆராய்ச்சியாளர்களும் இந்த மூன்று வழிகளில்தான் முயல்கிறார்கள்.

முதல் வழி, புரத உற்பத்தியைக் குறைப்பது. 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாடிசிரான், டிரான்ஸ்தைரெட்டின் புரதத்தைச் செய்யும்படி மரபணு அனுப்பும் செய்தியைக் கல்லீரலிலேயே அழித்துவிடுகிறது. இந்த முறையில் வேலை செய்யும் மருந்துகளில் உலகில் முதலில் அனுமதி பெற்றது இதுதான். மரபணுவையே ஒரே ஊசியில் திருத்தும் முறையும் ஆய்வில் இருக்கிறது.

இரண்டாம் வழி, புரதம் தன் வடிவத்தை இழக்காமல் பிடித்து வைப்பது. நான்கு துண்டுகள் சேர்ந்த டிரான்ஸ்தைரெட்டின் புரதம் பிரியும்போதுதான் தவறாக மடிகிறது. டஃபமிடிஸ் என்ற மருந்து அந்தத் துண்டுகளைப் பிரியாமல் கட்டி வைக்கிறது. 441 இதய நோயாளிகளிடம் 30 மாதம் நடந்த ஆய்வில், மருந்து எடுத்தவர்களில் 100-க்குச் சுமார் 30 பேரும், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 100-க்குச் சுமார் 43 பேரும் இறந்தார்கள். இந்த முடிவு 2018-ல் வெளியானது. 2019-ல் அமெரிக்காவில் இதய நோய்க்கு அனுமதி கிடைத்தது. புரதப் படிவு நோய்களுக்கான மருந்து ஆராய்ச்சியில் இதுவரை கிடைத்த தெளிவான வெற்றி இது. இங்கும் நோய் முற்றாத நிலையில் தொடங்கியவர்களுக்கே பலன் அதிகம்.

மூன்றாம் வழி, படிந்ததை அள்ளுவது. அல்சைமர் நோய்க்கு இப்போது பேசப்படும் ஊசி மருந்துகள் இந்த வகை. இவை ஆய்வகத்தில் தயாரிக்கப்பட்ட எதிர்ப்புப் புரதங்கள். பீட்டா அமிலாய்டில் போய் ஒட்டிக்கொண்டு, உடலின் நோய் எதிர்ப்புச் செல்கள் அதை அகற்றும்படி அடையாளம் காட்டுகின்றன.

அல்சைமர் ஊசிகள்: பலன் எவ்வளவு, ஆபத்து எவ்வளவு?

இந்த வழியில் பல மருந்துகள் தோற்றன. எலிகளிடம் நன்றாக வேலை செய்தவை மனிதர்களிடம் பலன் தரவில்லை. 2021-ல் அமெரிக்காவில் அவசரமாக அனுமதி பெற்ற அடுகனுமாப், பலன் பற்றிய சர்ச்சைகளுக்குப் பிறகு கைவிடப்பட்டது. 2024 ஜனவரியில் அதைத் தயாரித்த நிறுவனமே நிறுத்துவதாக அறிவித்தது.

அடுத்து வந்தது லெகனமாப். 1,795 பேரிடம் 18 மாதம் சோதிக்கப்பட்டது. மருந்து பெற்றவர்களுக்கு நோய் மோசமாகும் வேகம் 27 சதவீதம் குறைந்தது. 2023 ஜூலையில் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. டொனனெமாப் 2024 ஜூலையில் அங்கே அனுமதி பெற்றது. 2025-ல் இந்தியாவிலும் அனுமதி கிடைத்தது.

27 சதவீதம் என்றவுடன் நோய் அந்த அளவு குணமாகிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. நினைவு திரும்புவதில்லை, இழப்பு சற்று மெதுவாகிறது, அவ்வளவே. ஆய்வில் பயன்படுத்திய 18 புள்ளி அளவுகோலில், மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இருந்த வித்தியாசம் அரைப் புள்ளிக்கும் குறைவு. அந்த வித்தியாசத்தைக் குடும்பத்தினர் உணர முடியுமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது.

ஆபத்தும் உண்டு. லெகனமாப் பெற்றவர்களில் 100-க்குச் சுமார் 13 பேருக்கு மூளையில் நீர்க்கோர்வை ஸ்கேனில் தெரிந்தது. சிலருக்குச் சிறு இரத்தக் கசிவும் ஏற்பட்டது. பெரும்பாலோருக்கு அறிகுறி இல்லாமல் தானே சரியானாலும், உயிரிழப்புகளும் பதிவாகியுள்ளன. குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உள்ளவர்களுக்கும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கும் ஆபத்து அதிகம். அதனால் மருந்துக்கு முன்னும் பின்னும் பலமுறை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் லெகனமாப் அறிமுகமானபோது ஒரு வருட மருந்தின் விலை மட்டும் 26,500 டாலர். அன்றைய கணக்கில் 20 லட்சம் ரூபாய்க்கும் மேல்.

இந்த ஊசிகள் லேசான மறதி நிலையில் இருந்து, அமிலாய்டு படிந்திருப்பதும் பரிசோதனையில் உறுதியானவர்களுக்கு மட்டுமே தரப்படுகின்றன. பிள்ளைகளை அடையாளம் தெரியாத நிலைக்கு வந்துவிட்ட பெரியவருக்கு இவை உரியவை அல்ல. இதை முன்பே தெரிந்துகொண்டால், நிலத்தை விற்று மருந்து தேடும் வேதனையிலிருந்து ஒரு குடும்பம் தப்பிக்கலாம்.

பார்க்கின்சன் நோயில் படிந்த புரதத்தை நீக்கும் மருந்து இன்னும் அனுமதி பெறவில்லை. அதற்குக் கொடுக்கப்படும் லெவோடோபா, மூளையில் குறைந்துபோன டோபமினை ஈடுசெய்கிறது. நடுக்கமும் இறுக்கமும் குறைந்து, பெரியவர் பல வருடம் தன் வேலையைத் தானே செய்ய அது உதவுகிறது. பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா உண்டு. அதற்காக விதையை அரைத்து நாமாகக் கொடுக்கக் கூடாது. அளவு தெரியாமல், மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் கெடுதல் நேரும்.

நம் நாட்டிலும் ஆராய்ச்சி நடக்கிறது. பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்தில் பேராசிரியர் டி. கோவிந்தராஜு குழுவினர் உருவாக்கிய டிஜிஆர்63 என்ற சிறு மூலக்கூறு, எலிகளின் மூளையில் அமிலாய்டைக் குறைத்ததாக 2021-ல் அறிவித்தார்கள். எலியிலிருந்து மனிதருக்கு வரும் பாதை நீண்டது என்பதை மேலே பார்த்தோம். ஆனாலும் மூலக்கூறு மருந்து வெற்றி பெற்றால் விலை குறைய வழி பிறக்கும்.

வேலூர் கிராமங்களில் தெரியவந்தது

ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்கிறோம். நம் பகுதியில் கண்டுபிடிக்கிறோமா? இதற்கு விடை நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது.

10/66 என்ற பெயரில் ஓர் உலக ஆராய்ச்சிக் குழு உண்டு. மறதி நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66 சதவீதம் பேர், வளரும் நாடுகளில் இருக்க, அவர்களைப் பற்றிய ஆய்வு 10 சதவீதம்கூட இல்லை என்பதைச் சொல்லவே அந்தப் பெயர். அந்தக் குழுவின் ஓர் ஆய்வை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவர் கே.எஸ். ஜேக்கப்பும் அவருடைய குழுவினரும் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நடத்தினார்கள். 65 வயது கடந்த 1,000 பேரை அவர்கள் பரிசோதித்தார்கள்.

மேலைநாட்டு அளவுகோலின்படி பார்த்தபோது 100-க்கு ஒருவருக்குக்கூட மறதி நோய் இல்லை. நம் நாட்டுச் சூழலுக்கு ஏற்ப அமைத்த 10/66 அளவுகோலின்படி பார்த்தபோதோ 100-க்குப் பத்துப் பேருக்கு மேல் இருந்தது. ஒரே கிராமங்கள், ஒரே மனிதர்கள். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

மேலைநாட்டு அளவுகோல், அன்றாட வேலை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்கிறது. நம் வீடுகளில் பெரியவர் வேலை செய்ய வேண்டிய அவசியமே குறைவு. மருமகள் சாப்பாடு எடுத்து வைக்கிறார், பேரன் பள்ளிவாசலுக்குக் கைபிடித்துக் கூட்டிப் போகிறான், வரவு செலவை மகன் பார்க்கிறார். அதனால் மறதி முற்றும்வரை வீட்டாருக்கு அது நோயாகத் தெரிவதில்லை. கூட்டுக் குடும்பத்தின் அரவணைப்பு அல்லாஹ் தந்த நிஃமத். அந்த அரவணைப்பே நோயை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடுகிறது.

இந்திய அளவிலும் எண்ணிக்கை சிறியதல்ல. முதியோரிடம் நடந்த தேசிய ஆய்வின் அடிப்படையில், 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டுள்ளார்கள். நம் மஹல்லாவிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்து, பிறகு நினைவுக்கு வருவது வயதால் வரும் மறதி. கீழே உள்ளவை தொடர்ந்து சில மாதங்கள் தெரிந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்:

- சற்று முன் நடந்ததையே மறப்பது, கேட்டதையே திரும்பக் கேட்பது.
- பழகிய தெருவில் வழி தவறுவது.
- உளூச் செய்ததையும் தொழுததையும் மறந்து மறுபடி தொடங்குவது அடிக்கடி நடப்பது.
- பல வருடம் செய்த சமையலிலும் கடைக் கணக்கிலும் குழம்புவது.
- சாதாரணப் பொருள்களின் பெயர் வராமல் திணறுவது.
- குணம் மாறுவது, காரணமின்றிச் சந்தேகப்படுவது, ஒதுங்கி இருப்பது.

மருத்துவரிடம் போகும்போது பெரியவரோடு கூடவே இருக்கும் ஒருவர் கட்டாயம் போக வேண்டும். வேலூரில் உருவாக்கிய மறதிப் பரிசோதனைக் கேள்விகள் நோயாளிக்கு ஒன்று, வீட்டாருக்கு ஒன்று என இரண்டாக இருப்பது இதனால்தான். பெரியவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்பார்; வீட்டார் சொல்வதில்தான் உண்மை தெரியும்.

இன்னொரு நல்ல செய்தி: எல்லா மறதியும் அல்சைமர் அல்ல. பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, விழுந்ததால் மூளை உறையில் தேங்கிய இரத்தம், சில தூக்க மாத்திரைகள் ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றில் பலவற்றைச் சாதாரண இரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். மறதியை வயதின் மேல் போட்டுவிட்டால் குணமாகும் நோயும் குணமாகாமல் போகும்.

ஒடுகத்தூர் பகுதிக்கு அடுக்கம்பாறை அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் எட்டும் தூரத்தில்தான் உள்ளன. அலைய முடியாதவர்கள் மனநல ஆலோசனைக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567 என்ற அரசு எண்களில் பேசலாம்.

வருமுன் காக்க முடியுமா?

லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் மறதி நோய்க்கு 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் உலகில் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, உடல் உழைப்பின்மை, காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை, தலையில் அடி ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. ஒரு காது மிஷினும், கண்புரை ஆபரேஷனும், தவறாமல் சாப்பிடும் பிரஷர் மாத்திரையும் இருபது லட்ச ரூபாய் ஊசியைவிட அதிகம் காக்கக்கூடும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வாங்கி வைப்பதோடு நிற்காமல், பெரியவர் சாப்பிடுகிறாரா என்றும் பார்க்க வேண்டும்.

"மறதியை ஒரே மாதத்தில் போக்கும்" என்று விற்கப்படும் லேகியங்களிடமும் பவுடர்களிடமும் எச்சரிக்கை தேவை. மஞ்சள் முதல் மூலிகைகள் பல ஆராயப்படுகின்றன. அவற்றில் எதுவும் மூளையில் படிந்த புரதத்தை நீக்கி நோயைக் குணமாக்குவதாக நிரூபிக்கப்படவில்லை.

மார்க்க விஷயங்கள்

மருந்து தேடுவதை நபி (ஸல்) அவர்கள் ஊக்குவித்துள்ளார்கள். புதிய மருந்துகள் ஹலாலா என்ற கேள்வி நியாயமானது. எதிர்ப்புப் புரத ஊசிகள் ஆய்வகத்தில் வளர்க்கும் விலங்குச் செல்களில் தயாராகின்றன; டஃபமிடிஸ் ஜெலட்டின் உறையில் வருகிறது. மருந்தை நாமாக நிறுத்தாமல், மருந்தின் பெயரையும் மாற்று மருந்து உண்டா என்ற மருத்துவரின் பதிலையும் எழுதிக்கொண்டு போய் ஆலிமிடம் கேட்பது நல்லது. நிர்ப்பந்த நிலைக்கு மார்க்கத்தில் தனிச் சட்டம் உண்டு.

புத்தித் தெளிவை இழந்தவர் மீது தொழுகை, நோன்புக் கடமை இல்லை. தெளிவு இருக்கும் ஆரம்ப நிலையில் அந்தக் கடமைகள் இருக்கின்றன. அப்போது பக்கத்தில் ஒருவர் நின்று ஜமாஅத்தாகத் தொழ வைத்தால் ரக்அத் குழப்பம் வராது. நோன்புக்கும் ஃபித்யாவுக்கும் நோயாளியின் நிலையைச் சொல்லி ஆலிமிடம் விளக்கம் பெற வேண்டும்.

சொத்து விஷயம் இன்னும் கவனமானது. விளங்கும் தெளிவு இல்லாத நிலையில் செய்த ஹிபாவும் வஸிய்யத்தும் செல்லாது. கைநாட்டு வாங்கி ஒரு பிள்ளை பெயருக்கு மாற்றினால் அது மற்ற வாரிசுகளுக்குச் செய்யும் அநீதி. ஆரம்பத்திலேயே நோய் தெரிந்தால், பெரியவரே தன் கடன், அமானத், மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத் எல்லாவற்றையும் தெளிவோடு எழுதி வைக்கலாம். மருந்தே இல்லாத நோயாக இருந்தாலும், ஆரம்பத்தில் அறிவதால் கிடைக்கும் பெரிய நன்மை இது.

முதுமை அடைந்த பெற்றோரிடம் சலிப்பைக் காட்டும் சொல்லைக்கூடத் தடுத்துள்ளது பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23-ஆம் வசனம். பத்தாவது முறையாக அதே கேள்வியைக் கேட்கும் அத்தாவிடம் நிதானமாகப் பதில் சொல்வது அந்தக் கட்டளையின் நேரடிச் செயல் வடிவம். அவரைக் கேட்க வைப்பது பிடிவாதமோ குறும்போ அல்ல, மூளையில் படிந்த நோய் என்று தெரிந்தால் பொறுமை சற்று எளிதாகும். கவனிக்கும் பொறுப்பை ஒரே மருமகள் மீதோ மகள் மீதோ சுமத்தாமல், பிள்ளைகள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஜும்ஆ உரைகளில் இதைப் பற்றிப் பேசவும், மஹல்லாவில் முதியோருக்கு ஒரு நினைவுப் பரிசோதனை முகாம் நடத்தவும் ஜமாஅத் நிர்வாகிகள் முன்வர வேண்டும்.

உங்கள் வீட்டில் மேலே சொன்ன அடையாளங்கள் உள்ள பெரியவர் இருந்தால், அடுத்த பெருநாள் கழியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நம் முதியவர்கள் அனைவருக்கும் அல்லாஹ் ஆஃபியத்தையும், அவர்களைக் கவனிக்கும் நமக்குப் பொறுமையையும் தருவானாக. ஆமீன்.